எனக்குச் சம்மதம்தான், ஊர் ஒப்புமா?

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் ஒரு தர்மசாஸ்தா கோயில் இருக்கிறது. அங்கே நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல்வெட்டில், ஐயாயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் வரிசையில் கமலா ஹாரிஸ் பெயரும் உண்டு. அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. 2024 நவம்பர் 5 அன்று, அவர் போட்டியிட்ட அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவு நடந்தபோது, இந்தக் கோயிலில் அவருக்காக அபிஷேகம் நடந்தது. மறுநாள் நம் ஊர்க் கடிகாரத்தில் மாலை நான்கு மணி வாக்கில் முடிவு தெரிந்துவிட்டது. மாகாணங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் டிரம்புக்கு 312, கமலாவுக்கு 226.

அன்று தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை. சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தங்கள் நாட்டின் தலைவராக மக்கள் தேர்ந்தெடுப்பார்களா? கேட்ட உடனேயே இரண்டு விடைகள் வந்து விழுகின்றன. அமெரிக்கா நிறவெறியும் ஆணாதிக்கமும் ஊறிய நாடு, அதனால்தான் தோற்றார் என்பது ஒன்று. முட்டை விலை ஏறியது, ஆளுங்கட்சி தோற்றது, இதில் நிறமாவது பெண்மையாவது என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே வாக்குச்சாவடியை மட்டும் உற்றுப் பார்க்கின்றன. இப்படிப்பட்ட ஒரு வேட்பாளர் வாக்குச்சாவடி வரை வந்து சேர்வதற்கு முன்பே பல வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்த வாசல்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை; ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமே." பெண் பார்க்கும் படலத்திலிருந்து வாடகைக்கு வீடு விடுவது வரை இந்த வாக்கியத்தை நாம் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், அமெரிக்க அரசியலில் அது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது நமக்குச் சுலபம்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1937-ல் அமெரிக்கர்களிடம் கேட்டது: மற்ற எல்லாத் தகுதிகளும் இருந்தால் ஒரு பெண்ணை அதிபராக்க வாக்களிப்பீர்களா? ஆம் என்றவர்கள் 33 சதவீதம். 1958-ல் கறுப்பினத்தவரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 40 சதவீதத்தை எட்டவில்லை. 2020-ல் கேட்டபோது, பெண்ணுக்கு 93 சதவீதமும் கறுப்பினத்தவருக்கு 96 சதவீதமும் சம்மதம் சொன்னார்கள். முஸ்லிம் வேட்பாளருக்கு 66, கடவுள் மறுப்பாளருக்கு 60, சோசலிஸ்ட் ஒருவருக்கு 45. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் பெண், கறுப்பினத்தவர் என்ற இரண்டு தடைகளும் ஏறக்குறைய மறைந்துபோய்விட்டன என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கருத்துக்கணிப்பில் மனிதர்கள் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும்போது, பெண்ணுக்கு வாக்களிக்க மாட்டேன் என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? இந்தக் கூச்சத்தைத் தாண்டி உண்மையைக் கறக்க, ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு குழுவிடம் நான்கு விஷயங்களைப் படித்துக் காட்டுகிறார்கள்: பெட்ரோல் விலை ஏறுவது, விளையாட்டு வீரர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குவது, காரில் சீட் பெல்ட் கட்டாயம் என்பது, பெரிய நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கெடுப்பது. இவற்றில் எத்தனை உங்களுக்குக் கோபமூட்டுகின்றன? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். இரண்டாவது குழுவுக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கிறார்கள்: ஒரு பெண் அதிபராக இருப்பது. இரண்டு குழுக்களின் சராசரிக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான், பெண் அதிபர் என்ற நினைப்பே கோபமூட்டுகிறது என்பவர்களின் விகிதம். எந்தத் தனிமனிதரும் மாட்டிக்கொள்வதில்லை. உண்மை மட்டும் மொத்தமாக வெளியே வந்துவிடுகிறது. 2008-ல் வெளியான இத்தகைய ஓர் ஆய்வில் அந்த வித்தியாசம் சுமார் 26 சதவீதம். வெளிப்படையாகக் கேட்டபோது மறுத்தவர்களைவிட இது பல மடங்கு.

இந்த 26-ஐக் கையில் வைத்துக்கொண்டு முடிந்தது கதை என்று சொல்லிவிட முடியாது. கோபம் வருவது வேறு, வாக்கை மாற்றிப் போடுவது வேறு. கோபப்படுகிறவர்களில் பலர் எப்படியும் எதிர்க்கட்சிக்கே வாக்களிக்கப் போகிறவர்களாக இருக்கலாம்; சிலர் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் கட்சிச் சின்னத்தில் முத்திரை குத்துகிறவர்களாகவும் இருக்கலாம். கறுப்பின வேட்பாளர்கள் விஷயத்திலும் இதே சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1982-ல் கலிஃபோர்னியா கவர்னர் (மாகாண அரசின் தலைவர்) தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி கருத்துக்கணிப்புகளில் முந்தியிருந்து, கடைசியில் ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். கறுப்பருக்கு வாக்களிப்போம் என்று கணிப்பில் சொன்னவர்கள் சாவடிக்குள் மனம் மாறிவிட்டார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். அதற்கு பிராட்லி விளைவு என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட தேர்தல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த இடைவெளி 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கண்ணில் படவில்லை. 2008-ல் ஒபாமா பெற்ற வாக்குகள் கணிப்புகளோடு நன்றாகவே ஒத்துப்போயின. ஆகவே வாக்காளர் எல்லாரும் பொய்யர்கள் என்ற முடிவும் நிற்காது.

ஷெர்லி சிஸம் இந்தக் கதையில் சுருக்கமாகக் கடந்துபோகக் கூடாதவர். புரூக்ளினைச் சேர்ந்தவர், பார்படோஸ், கயானா வேர்கள் கொண்ட குடும்பம். 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். 1972 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் நின்று, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுகிறேன் என்று அறிவித்தார். கறுப்பர் என்பதில் பெருமைதான், ஆனால் நான் கறுப்பர்களின் வேட்பாளர் மட்டுமல்ல. பெண் என்பதில் பெருமைதான், ஆனால் பெண்கள் இயக்கத்தின் வேட்பாளர் மட்டுமல்ல. மக்களின் வேட்பாளர் என்றார். கிடைத்தது என்ன? கறுப்பின ஆண் தலைவர்களில் பலர், ஒரு பெண் இந்த முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்வதா என்று முகம் சுளித்தார்கள். பெண்கள் இயக்கத் தலைவிகளில் பலர் மனத்தளவில் அவரோடு இருந்துகொண்டு, வெற்றி வாய்ப்பு உள்ளவர் என்று அதே கட்சியில் போட்டியிட்ட ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் சாய்ந்தார்கள். வேட்பாளரை முடிவுசெய்யும் கட்சியின் மயாமி பீச் மாநாட்டில் சிஸமுக்குக் கிடைத்த பிரதிநிதி வாக்குகள் 152. கறுப்பர் என்பதைவிடப் பெண் என்பதே தன் வழியில் அதிகத் தடைகளைப் போட்டது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், சிஸமைத் தடுத்தவர்கள் தெற்கு மாகாணத்து வெள்ளை இனவெறியர்கள் அல்லர். அவர்கள் வரை விஷயம் போகவே இல்லை. அவரை உள்ளுக்குள் நேசித்தவர்களே, பொது வாக்காளர் ஏற்க மாட்டார் என்று கணக்குப் போட்டு விலகிக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கை அரசியல் அறிஞர்கள் உத்திசார்ந்த பாகுபாடு என்கிறார்கள். எனக்கு அவர்மேல் வெறுப்பில்லை. ஆனால் மற்றவர்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன். ஆகவே என் பணத்தையும் வாக்கையும் அவர்மேல் வைக்க மாட்டேன். 2019 ஜூனில் இப்ஸோஸ் நிறுவனம் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடமும் சார்பற்ற வாக்காளர்களிடமும் நடத்திய கணிப்பு இதைப் படம்பிடித்தது. பெண் அதிபர் என்றால் எனக்குச் சங்கடமில்லை என்றவர்கள் 74 சதவீதம். என் அண்டை வீட்டாருக்கும் சங்கடமிருக்காது என்று நம்பியவர்கள் 33 சதவீதம். இரண்டு எண்களும் ஒரே மனிதர்களிடமிருந்து வந்தவை. எல்லாரும் யாரோ ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தானே? அப்படியானால் பக்கத்து வீட்டாரில் பெரும்பாலோர் சம்மதிப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று 74 பொய், அல்லது 33 பொய். உண்மை நடுவில் எங்கேயோ இருக்கலாம். ஆனால் கட்சியின் பிரைமரித் தேர்தலில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், முடிவைத் தீர்மானிப்பது அந்த 33-தான்.

இந்த அச்சம் எவ்வளவு வலுவானது, எவ்வளவு வேகமாகக் கலையக்கூடியது என்பதற்கு ஒபாமாவின் கதையே போதும். 2007-ன் பெரும்பகுதி வரை கறுப்பின வாக்காளர்களில் கணிசமானோர் ஹிலாரி கிளின்டன் பக்கம்தான் இருந்தார்கள். கறுப்பர் ஒருவரை வெள்ளையர்கள் ஜெயிக்கவிடப் போவதில்லை, நம் வாக்கை ஏன் வீணாக்குவது என்பது அவர்கள் கணக்கு. 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா முதலிடம் பிடித்தார். மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களாக இருந்த மாகாணம் அது. மூன்று வாரம் கழித்து தெற்கு கரோலினாவில் கறுப்பின வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் அவருக்கு வாக்களித்தார்கள். மூன்று வாரத்தில் ஒபாமாவின் கொள்கையோ பேச்சோ மாறிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து காட்டிவிட்டார்.

கமலா ஹாரிஸுக்கு ஓர் அயோவா வாய்க்கவே இல்லை. 2019 ஜனவரியில் ஓக்லண்டில் பெருங்கூட்டத்தோடு தொடங்கிய அவருடைய முதல் முயற்சி, ஒரு வாக்கு கூடப் பதிவாகும் முன்பே அந்த ஆண்டு டிசம்பர் 3-ல் முடிந்துபோனது. பணம் தீர்ந்துவிட்டது என்றார். பிரசாரத்தில் குழப்பம் இருந்தது, கொள்கையில் தடுமாற்றம் இருந்தது. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிரம்பை வீழ்த்த வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்த கட்சி, ஊருக்குப் பழகிய முகம் என்று பைடனைத் தேடிப் போனது. பிறகு 2020 மார்ச்சில், துணை அதிபர் வேட்பாளராக ஒரு பெண்ணைத்தான் நிறுத்துவேன் என்று பைடன் வாக்குக் கொடுத்தார்; ஆகஸ்டில் கமலாவைத் தேர்ந்தெடுத்தார். 2024 ஜூலை 21-ல் பைடன் விலகியதும் அதிபர் வேட்பாளர் பொறுப்பு கமலாவின் மடியில் வந்து விழுந்தது. ஆக, தேசிய அளவில் அவர் ஏறிய இரண்டு படிகளும் வேறொருவர் நீட்டிய கையைப் பிடித்து ஏறியவை. தன்னை நிரூபித்துக்கொள்ள நீண்ட பிரைமரிப் போட்டி இல்லை, மக்கள் அவரைப் பார்த்துப் பழக நேரம் இல்லை. மொத்தம் 107 நாட்கள்.

அந்த 107 நாட்களில் நிறமும் பாலினமும் எங்கெல்லாம் தலைகாட்டின? ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்க மேடையில், அவர் இந்தியர் என்றுதான் எனக்குத் தெரியும், திடீரென்று கறுப்பராகிவிட்டாரே என்ற பொருளில் டிரம்ப் பேசினார். தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர். மகள் படித்தது கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்க முடியாது என்ற எண்ணமே டிரம்பின் கேலிக்கு ஆதாரம். (நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் அல்லர். 2020-ல் அவர் தன் ஏற்புரையில் "சித்திகள்" என்று சொன்னபோது பூரித்த தமிழ்ச் சமூக ஊடகம், அவருடைய ஜமைக்கா பாதியை எத்தனை முறை நினைத்தது?) சிஎன்என் பேட்டியில் இதுபற்றிக் கேட்டபோது, பழைய சலித்துப்போன ஆட்டம், அடுத்த கேள்வி என்று கமலா தள்ளிவிட்டார். நான் பெண் என்பது பார்த்தாலே தெரிகிறது, மக்களுக்கு வேண்டியது வேலை செய்யத் தெரிந்தவர் என்பதுதான் அவர் நிலை. 2016-ல் ஹிலாரி முதல் பெண் அதிபர் என்பதை உரக்கச் சொல்லித் தோற்றார்; கமலா அதைச் சொல்லாமலே தோற்றார்.

அக்டோபர் 10-ல் பிட்ஸ்பர்க்கில் ஒபாமா கறுப்பின ஆண்களைக் கடிந்துகொண்டார்: ஒரு பெண் அதிபராவதை உங்கள் மனம் ஏற்கவில்லை, அதற்குத்தான் வேறு வேறு காரணம் தேடுகிறீர்கள் என்று. முடிவு வந்தபோது கறுப்பின ஆண்களில் நான்கில் மூன்று பேர் கமலாவுக்கே வாக்களித்திருந்தார்கள். கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர். டிரம்புக்கு வாக்களித்தவர்களைத் தேடுகிறவர்கள் வேறிடம் பார்க்க வேண்டும்: வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி வெள்ளை இனப் பெண்களில் பாதிக்கு மேல் டிரம்புக்கு வாக்களித்தார்கள். பெண் என்ற ஒற்றுமை பெண் வாக்காளரைக் கட்டிப் போடும் என்பது கட்சிக்காரர்களின் பழைய மயக்கம். வெள்ளை இனப் பெண்கள் ஹிலாரிக்கும் பெரும்பான்மை கொடுத்துவிடவில்லை.

இனி விலைவாசிதான் காரணம் என்பவர்களின் வாதம். அது வலுவானது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. 2024-ல் உலகெங்கும் ஆளுங்கட்சிகள் அடி வாங்கின. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி தோற்றது, தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்தது, ஜப்பானில் ஆளும் கூட்டணி பெரும்பான்மை இழந்தது, இந்தியாவில் பாஜக தனிப்பெரும்பான்மை இழந்தது. அங்கெல்லாம் தலைமையில் கறுப்பினப் பெண் யாரும் இல்லை. போதாக்குறைக்கு, பைடனிடமிருந்து எதில் மாறுபட்டிருப்பீர்கள் என்று அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டபோது, எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று கமலா சொல்லிவைத்தார். எந்த நிறத்தவர் சொல்லியிருந்தாலும் அது பெருந்தவறுதான்.

டிரம்ப் இரண்டு பெண்களை வென்றார், ஒரு வெள்ளை ஆணிடம் தோற்றார், ஆகவே பெண்ணை நிறுத்தாதே என்று சிலர் பாடம் சொல்கிறார்கள். மூன்று தேர்தலை வைத்து விதி எழுதுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதே ஹிலாரி 2016-ல் டிரம்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கினார் என்பதையும், தோற்றது தேர்வாளர் குழு முறையால் என்பதையும் இந்தப் பாடம் மறந்துவிடுகிறது.

2024-லேயே விடை தேடலாம். மிஷிகன் மாகாணத்தில் கமலா சுமார் 80,000 வாக்குகளில் தோற்றார். அதே நாளில் அங்கே நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு எலிஸா ஸ்லாட்கின் ஜெயித்தார். விஸ்கான்ஸினில் கமலா ஏறத்தாழ 29,000 வாக்குகளில் தோற்றார். அங்கே டாமி பால்ட்வின் மறுபடியும் செனட்டரானார். இருவரும் கமலாவின் கட்சிக்காரர்கள், இருவரும் பெண்கள். பால்ட்வின் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவர். ஆனால் இருவரும் வெள்ளையர்கள், யாரும் பைடன் ஆட்சியின் முகம் அல்லர். பென்சில்வேனியாவில் அதே கட்சியின் வெள்ளை ஆணான பாப் கேஸி, 18 ஆண்டுகள் செனட்டராக இருந்தவர், தோற்றுப்போனார்; தோற்றாலும் கமலாவைவிட நெருக்கமாக வந்து தோற்றார். அரிசோனாவில் கமலா தோற்க, அதே கட்சியின் லத்தீன் வம்சாவளியினரான ரூபன் கயேகோ செனட்டரானார். பெண் என்பதைக் குற்றம் சொன்னால் விஸ்கான்ஸின் மறுக்கிறது. நிறத்தைச் சொன்னால் அரிசோனா மறுக்கிறது. இவற்றுக்குப் பங்கே இல்லை என்றால், இந்த நால்வரில் ஒவ்வொருவரும் வாக்கு வித்தியாசக் கணக்கில் கமலாவை முந்தியிருக்கிறார்கள். நிறத்துக்கு இவ்வளவு, பாலினத்துக்கு இவ்வளவு, பைடனுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவர் வித்தை காட்டுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

செனட்டர் என்பவர் நூறு பேரில் ஒருவர் என்பதையும் மறக்கக் கூடாது. அவையில் உட்கார வைக்க மக்கள் தயங்காத ஒருவரை, ஒற்றை நாற்காலியில் உட்கார வைக்கத் தயங்குகிறார்கள். அதே 2024-ல் மேரிலாண்டிலும் டெலவேரிலும் இரண்டு கறுப்பினப் பெண்கள் செனட்டுக்குத் தேர்வானார்கள். ஆனால் ஐம்பது மாகாணங்களில் எதற்கும் ஒரு கறுப்பினப் பெண் அதுவரை கவர்னராகத் தேர்வானதில்லை. ஜார்ஜியாவில் கறுப்பினப் பெண்ணான ஸ்டேஸி ஏப்ரம்ஸ் 2018-ல் சுமார் 55,000 வாக்குகளில் தவறவிட்டார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான நிக்கி ஹேலி 2011-லேயே தெற்கு கரோலினா கவர்னரானார் என்பது இந்தப் படத்தில் ஒரு சுவாரசியமான முடிச்சு. சிறுபான்மை என்றாலும் எல்லாச் சிறுபான்மையும் ஒரே எடை இல்லை, எந்தக் கட்சியில் நிற்கிறார் என்பதும் சேர்ந்துதான் எடை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 2024-ல் மொத்தம் பதிவானவை சுமார் 15.5 கோடி வாக்குகள். மிஷிகன், விஸ்கான்ஸின், பென்சில்வேனியா மூன்றையும் பிடித்திருந்தால் கமலா அதிபர். மூன்றிலும் சேர்த்து அவர் பின்தங்கியது ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் வாக்குகள். அதாவது, இவ்வளவு நெருக்கமான போட்டியில் தப்பெண்ணம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நூறில் ஒருவர் தயங்கினால் போதும். கேலப் கணக்கில் 93 சதவீதம் பேர் சம்மதித்தார்கள் என்பது சமூகத்தைப் பற்றிய நல்ல செய்தி. மீதி ஏழு என்பது தேர்தலைப் பற்றிய கெட்ட செய்தி. அந்த ஏழில் ஆறு பேர் எப்படியும் எதிர்க்கட்சிக்காரர்களாக இருந்தாலும் மீதி ஒருவர் போதும். அதே கணக்கின்படி, விலைவாசி கொஞ்சம் குறைந்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார் என்பதும் உண்மை.

அமெரிக்கா இப்படி அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதன் தெற்கு எல்லைக்கு அப்பால் நடந்ததை நம் ஊடகங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. 2024 ஜூன் 2 அன்று மெக்ஸிகோவில் கிளௌதியா ஷேன்பாம் கிட்டத்தட்ட 60 சதவீத வாக்குகளோடு அதிபராகத் தேர்வானார். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழியில் லிதுவேனியாவிலிருந்தும் தாய் வழியில் பல்கேரியாவிலிருந்தும் வந்தவர்கள். சுமார் 13 கோடிப் பேர் வாழும், பெரும்பாலும் கத்தோலிக்கர்களான அந்த நாட்டில் யூதர்கள் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டாவதாக வந்தவர் சோசித்ல் கால்வெஸ். அவரும் பெண், தந்தை ஒத்தோமி பழங்குடியினர். அதாவது வாக்காளருக்கு முன் இருந்த இரண்டு முக்கியத் தேர்வுகளுமே சிறுபான்மை வேர் கொண்ட பெண்கள். முன்னாள் அதிபர் விசென்ட் ஃபாக்ஸ், ஷேன்பாமைப் பல்கேரிய யூதர் என்று சீண்டினார். அவர் பல்கேரியாவில் பிறந்தவர் என்று வதந்தியும் பரவியது. பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஒபாமாவுக்கு நடந்த அதே கூத்து. ஆனால் எடுபடவில்லை.

ஆணாதிக்கத்துக்குப் பெயர்போன மெக்ஸிகோவில் இது எப்படி நடந்தது? அங்குள்ள வாக்காளர்கள் அமெரிக்கர்களைவிடப் பரந்த மனம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2014-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நாடாளுமன்ற வேட்பாளர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றார்கள். 2019-ல் அதை அரசின் எல்லா அங்கங்களுக்கும் விரித்தார்கள். ஊர் ஒப்புமா என்று கேட்கும் வேலையைச் சட்டம் கட்சிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பெண்ணை நிறுத்தலாமா என்ற கேள்வி போய், எந்தப் பெண்ணை என்ற கேள்வி வந்தது. பத்தாண்டுகளில் கவர்னர்களாக, மேயர்களாக, செனட்டர்களாகப் பெண்களைப் பார்த்துப் பழகிய ஊருக்கு, அதிபர் நாற்காலி ஓர் அதிர்ச்சியாக இல்லை. ஷேன்பாமே தலைநகரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆண்டவர். அதற்கு மேல், பதவி விலகும் அதிபர் லோபெஸ் ஒப்ரதோர் மக்கள் செல்வாக்கோடு இருந்தார், குறைந்தபட்ச ஊதியம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. கமலாவுக்குச் சுமையாக இருந்த முன்னவர், ஷேன்பாமுக்கு ஏணியாக இருந்தார்.

தென் அமெரிக்காவிலுள்ள கயானாவின் கதை இன்னும் விசித்திரம். சிகாகோவில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜேனட் ரோஸன்பெர்க், அங்கே பல் மருத்துவம் படிக்க வந்த இந்திய வம்சாவளியினரான செடி ஜகனை மணந்து 1943-ல் கயானாவுக்குப் போனார். கணவரோடு கட்சி கட்டினார், சிறை சென்றார். அதிபராக இருந்த கணவர் இறந்தபின், 1997 டிசம்பரில் அவரே அதிபராகத் தேர்வானார். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் சந்ததியும் ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியும் இனவாரியாகப் பிரிந்து வாக்களிக்கும் நாட்டில், இரண்டிலும் சேராத ஒரு வெள்ளை இனப் பெண்! இந்திய வம்சாவளி வாக்காளருக்கு அவர் கட்சியின் சின்னமாகத் தெரிந்தார். தோல் அப்புறம்தான் தெரிந்தது. எதிர்த்தரப்பு முடிவை ஏற்க மறுத்துத் தெருவில் இறங்கியது. உடல்நலக் குறைவால் 1999 ஆகஸ்டில் அவர் விலகினார்.

ஊர் ஒப்பாது என்ற வாக்கியம் ஆட்சியாளர் வாயிலிருந்தே வந்த இடம் சிங்கப்பூர். 2016-ல் ஒரு கருத்துக்கணிப்பில், அப்போது துணைப் பிரதமராக இருந்த, யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் பிரதமரானால் ஆதரிப்போம் என்றவர்கள் 69 சதவீதம். 2019-ல் அடுத்த பிரதமராகக் கருதப்பட்ட ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமருக்குத் தயாராக இல்லை என்றார். இடையில் 2017-ல், மலாய் இனத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தலில் ஹலிமா யாக்கோப் தகுதி பெற்ற ஒரே வேட்பாளராகி, வாக்குப்பதிவே இல்லாமல் பதவியேற்றார். நாட்டின் முதல் பெண் அதிபர், சிறுபான்மை இனத்தவர். ஆனால் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா என்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே அந்த ஏற்பாடு எடுத்துக்கொண்டது. 2023-ல் யாருக்கும் ஒதுக்கப்படாத அதிபர் தேர்தல் நடந்தது. சீனர்கள் நான்கில் மூன்று பங்கு இருக்கும் நாட்டில் தர்மன் 70.4 சதவீதம் வாங்கினார். அதிகாரம் குறைந்த பதவிதான். இருந்தாலும் 2016-ன் கணிப்புக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திரும்ப கமலாவிடமே வருகிறேன். 2025 செப்டம்பரில் வெளியான தன் பிரசார நினைவுக் குறிப்பில், துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கதையை அவர் எழுதியிருக்கிறார். அவர் மனத்தில் முதலில் இருந்தவர் அமைச்சராக இருந்த பீட் பூட்டஜஜ். தன்பாலினத் திருமணம் செய்துகொண்டவர். ஒரு பெண்ணை, கறுப்பினப் பெண்ணை, யூதரை மணந்த கறுப்பினப் பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஏற்கெனவே அமெரிக்காவிடம் நிறையக் கேட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு மேல் இதையும் கேட்பது பெரிய ஆபத்து என்று நினைத்து விட்டுவிட்டேன் என்கிறார். மினசோட்டா கவர்னர் டிம் வால்ஸைத் தேர்ந்தெடுத்தார். பூட்டஜஜ் மேல் கமலாவுக்குத் தனிப்பட்ட முறையில் எந்த ஆட்சேபமும் இல்லை; ஊரை நினைத்தார். அமெரிக்கர்களை இன்னும் கொஞ்சம் நம்பலாம் என்ற பொருளில் பூட்டஜஜ் பதில் சொன்னார். அவர் மேயராக இருந்த சௌத் பெண்ட், பழமைவாதம் ஓங்கிய இண்டியானா மாகாணத்தில் இருக்கிறது. 2015 ஜூனில் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று அந்த ஊருக்கு அறிவித்தார். ஐந்து மாதம் கழித்து நடந்த மேயர் தேர்தலில் ஊர் அவருக்குக் கொடுத்தது 80 சதவீதம்.